கறுப்பு என்று சொல்லாத கடை

கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசல் கோலத்தில் ஒரு மூலை ஏற்கெனவே கரைந்துவிட்டது. மூங்கில் கழியை மாடிக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு எங்கள் கடைச் சிப்பந்தி எத்திராஜு கீழே இறங்கி வந்தார். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. தேரடியில நின்னாக்கூடத் தெரியும்."

நானும் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. பனி விலகாத காலை. காற்றே இல்லை. ஈரத் துணி கழியோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்று உள்ளே போனேன்.

அந்தக் கொடி என் மானத்தை வாங்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இந்தி வேண்டாம் என்று தமிழ்நாடே எழுந்து நின்ற தை மாதம் அது. அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது என் கடை வாசல் அளவுதான். அந்த அளவுக்குத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

தடுப்புக்குப் பின்னால் ஒரு முதலாளி

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பட்டுக்கடை. முகூர்த்தப் புடவைக்குப் பேர் போன கடை. என் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கடையை விற்றுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் சொன்னதாலேயே நான் விற்கவில்லை. என் குணம் அப்படி.

ஆனால் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் எதிரில் தாலியறுத்தவள் உட்கார்ந்திருந்தால் ஏறிய படியிலேயே இறங்கிவிடுவார்கள். அதனால் கல்லாவுக்குப் பின்னால் மார்பளவுக்கு ஒரு மரத்தடுப்பு வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் உட்கார்ந்துதான் கொள்முதல், தறிக்காரர், சாயக்காரர், சண்டை சச்சரவு எல்லாம். கடைக்கு என் குரல்தான் முதலாளி. முகம் கிடையாது. அது எனக்கு வலித்ததா என்று கேட்டால், வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான்.

முன்னால் நின்று வியாபாரம் பார்த்தவர் கவுஸ் பாய். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வடநாட்டிலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களிடம் அவர் இந்தி பேசினால் ஒரு புடவை எடுக்க வந்தவர்கள் நாலு எடுப்பார்கள். நம்மூர்க்காரர்களுக்கோ அவர் கைராசிக்காரர். எட்டுப் பிள்ளைகள், எட்டும் சுகம். முகூர்த்தப் புடவையை அவர் கையால் வாங்கினால் குடும்பம் விளங்கும் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பி, சுற்றுவட்டாரமெல்லாம் பரவியிருந்தது. புடவையை இரண்டு கையிலும் ஏந்தி, பெண்ணின் தாயார் மடியில் போடுவார். நான் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன்.

அந்த வார்த்தை

எங்கள் கடையில் கறுப்பு வாசற்படி தாண்டக் கூடாது. மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். கறுப்பு நூல், கறுப்புத் துணி, கறுப்புக் கயிறு எதுவும் உள்ளே வராது. குடை கொண்டு வருகிறவர்களுக்காக வெளியே தூணில் ஓர் ஆணி. பன்னிரண்டு வருஷமாகக் கவுஸ் பாயின் குடை அந்த ஆணியில்தான் தொங்கியது. மழை நாளில் பாய் உள்ளே நனையாமல் இருப்பார், குடை வெளியே நனைந்துகொண்டிருக்கும்.

"தலைமுடியும் கறுப்புதானே முதலாளி, மொட்டை அடிச்சிக்கினு வரணுமா?" என்று அவர் ஒரு முறை என் வீட்டுக்காரரிடம் கேட்டாராம்.

"அது சாமி போட்ட சாயம் பாய். நாம கேக்க முடியாது" என்றாராம் இவர்.

துணி மட்டுமல்ல, அந்த வார்த்தையே கடைக்குள் வராது. வீட்டில் விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோம். அரிசி தீர்ந்தது என்று சொல்லாமல் நிறைஞ்சு போச்சு என்கிறோம். அது மாதிரி, கறுப்பு என்று வாயில் வரவேண்டிய இடத்தில் நாங்கள் 'கெட்டி நாவல்' என்போம். யாராவது விவரம் தெரியாமல் கறுப்புப் புடவை கேட்டால், "கெட்டி நாவல்ல காட்டட்டுமாம்மா?" என்று நாவல்பழக் கலரில் ஒன்றை எடுத்துப் போடுவோம். அதுவும் விற்றுவிடும்.

எனக்கு இதில் இன்னொரு பயமும் இருந்தது. கடையில் எது கெட்டுப் போனாலும் ஊர் என்னைத்தான் சொல்லும். 'அவ உக்காந்தா, கடை விளங்கல.' அதனால் மாமனாரும் வீட்டுக்காரரும் ஒரு பங்கு பார்த்த சாஸ்திரத்தை நான் மூன்று பங்கு பார்த்தேன்.

ஒன்பது பலகை

அந்த நாளைத் துக்க நாள் என்று அறிவித்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கறுப்புக் கொடி. எனக்கும் இந்தி வேண்டாம்தான். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று யாரோ சொல்வது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் முந்தின வாரம் வேறொரு தெருவில் கூட்டம் போன பிறகு ஒரு கடையில் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் பக்கமும் ஒரு சேதி வந்தது. காலேஜ் பையன்கள் எத்திராஜுவை வழிமறித்து, "உங்க கடையில அந்த இந்தி பேசற ஆளு அன்னிக்கி இருக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார்கள்.

கடையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கலாம். முடியாமல் போனது ஒரு கல்யாணத்தால். தென்னேரியிலிருந்து தனபாக்கியம் என்ற அம்மாள் மகளுக்கு முகூர்த்தப் புடவை சொல்லியிருந்தார். மறுநாள் கல்யாணம். தறியிலிருந்து புடவை இறங்கியதே முந்தின நாள் சாயங்காலம்தான்.

இரண்டு நாளில் நான் செய்ததைச் சொல்கிறேன். சரக்கில் முக்கால்வாசியை மூட்டை கட்டி, சைக்கிளில் வைத்துப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளுக்கு அனுப்பினேன். அவர்கள் நெய்ததுதானே, பிறந்த வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும். தமிழ், இங்கிலீஷ், இந்தி என மூன்று வரி எழுதியிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டேன். முந்தானைக்குக் குஞ்சம் முடிகிற பெண்களை வர வேண்டாம் என்றேன். நாலு சாக்கை நனைத்து அண்டாவோடு வைத்தேன், யாராவது கொளுத்திப் போட்டால் அணைக்க. கடையின் முகப்புக்கு ஒன்பது மரப்பலகை. எட்டை மாட்டி, ஒன்றை மட்டும் கழற்றி வைத்தேன். ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம்.

கவுஸ் பாயையும் வர வேண்டாம் என்றேன். முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். குடையை ஆணியில் மாட்டினார்.

"இன்னா பாய், நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா. தென்னேரி அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே. என் கையால குடுக்கறேன்னு சொல்லியிருக்கறேன். பத்து நிமிஷ வேலை. குடுத்துட்டு ஜல்தியா பஸ்ஸ பிடிச்சிடறேன்."

திட்டினேன். பிறகு பின்கட்டு அறையில் உட்கார வைத்து, தனபாக்கியம் அம்மாள் வந்தால்தான் கூப்பிடுவேன், அதுவரை தலை நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இனி கொடி. கறுப்புத் துணி வாசற்படி தாண்டாமல் கொடி கட்ட வேண்டும். கறை பட்டு விற்காமல் கிடந்த வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்தேன். எத்திராஜுவிடம் கொடுத்து, விடியற்காலையில் சாயக்கார முனுசாமி வீட்டில் போய்த் தோய்த்து, அப்படியே ஈரத்தோடு கொண்டுவந்து மாடியில் வெளிப்புறமாகக் கட்டிவிடச் சொன்னேன்.

"இன்னா கலருன்னு சொல்லட்டும்மா?"

எதற்கு என்று எத்திராஜுவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தை மாதம், முகூர்த்தக் காலம், கடைக்குள் நின்றுகொண்டு எப்படிச் சொல்வேன்?

"கெட்டி நாவல்" என்றேன்.

வெயில் வந்தது

முனுசாமி போல ஒரு சாயக்காரர் இனி வரமாட்டார். மயில்கழுத்து என்றால் மயிலே வந்து பார்த்து ஏமாறும். அவரிடம் கெட்டி நாவல் கேட்டால் கெட்டி நாவல்தான் வரும். ஈரத்தில் எந்த அடர்ந்த கலரும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது பட்டுக்கடைக்காரிக்குத் தெரியாதா? தெரியும். அன்று காலை பார்த்தபோது மட்டும் தெரியவில்லை. என் கண் பார்க்க விரும்பியதைப் பார்த்தது.

ஒன்பது மணிக்கு மேல் தனபாக்கியம் அம்மாள் வந்தார், கூட அவர் தம்பி. அம்மாளுக்கு நல்ல கனத்த உடம்பு. ஒரு பலகை இடைவெளியில் ஒருக்களித்துப் பார்த்தார், முன்பக்கமாக முயன்றார், முடியவில்லை. எட்டாவது பலகையையும் கழற்றினோம்.

"கல்யாணப் புடவை வாங்க வந்தனா, ஜெயில்ல ஆளு பாக்க வந்தனா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். "எங்க பாயி? சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க. ராகு காலம் வந்துடும்."

பாயைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தெருக்கோடியில் கோஷம் கேட்டது. ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. அதே நேரம் எத்திராஜு உள்ளே ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, கொடி காஞ்சு போச்சும்மா!"

"காஞ்சா இன்னா?"

"காஞ்சு நாவப்பழமா ஆயிட்டுதும்மா!"

பலகைச் சந்தில் எட்டிப் பார்த்தேன். பனி விலகி நல்ல வெயில். காற்றும் எழுந்திருந்தது. என் கடை மாடியில் மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசை போல ஒரு நாவல்பழப் பட்டு, ஓரத்தில் சிவப்பு அடிக்க, தகதகவென்று பறந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கக் கறுப்பு. நடுவில் நான் மட்டும் கல்யாணம்.

கோஷம் நின்றது. நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னாடா இது, கிண்டலா?" என்று ஒரு குரல்.

"இந்திக்காரனை உள்ள வெச்சிக்கினு கொழுப்பப் பாரு!" என்று இன்னொரு குரல். நாலாவது பலகையில் ஒரு கல் வந்து விழுந்தது. தனபாக்கியம் அம்மாள் மேஜைமேல் இருந்த கல்யாணப் புடவையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். தெருமுனை காபிக் கடையில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருவே கண்ணில் படாதது போலக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்கட்டில் ஒருவர், முன்கட்டில் மூவர். என்னை நம்பி உள்ளே இருக்கிறார்கள். கெட்டது என் வாயால். தடுப்பை ஒதுக்கிவிட்டு, கழற்றி வைத்த பலகை வழியாக வெளியே போய் வாசற்படியில் நின்றேன். கடை என் கைக்கு வந்து இரண்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அந்தப் படியில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

படியில் நின்று

"கல்லு போட்டது யாருப்பா?" என்றேன்.

வெள்ளைப் புடவையில் ஒரு பெண்பிள்ளை வெளியே வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முன்னால் நின்ற பையன் தொண்டையைச் செருமினான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகன், சம்பந்தம் என்று பெயர். பச்சையப்பன் காலேஜ் பையன்கள் மாதிரி வைக்கப் பார்த்த மீசை பாதியில் நின்றிருந்தது.

"தாயே! தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்துத் தமிழகமே துயரத்தில் ஆழ்ந்திருக்கும் இவ்வேளையில், தாங்கள் மட்டும்..." என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தவன், கொடியை ஒரு முறை பார்த்தான். தமிழ் இறங்கிவிட்டது. "இன்னாம்மா இது, மாம்பழக் கலர் ஒண்ணுதான் பாக்கி!"

"தப்பு என்னுதுதான் தம்பி" என்றேன். "கொடி கட்டணும்னு மனசாரத்தான் துணி அனுப்பினேன். சாயக்காரர் கிட்ட கலர் பேர் சொல்லணும். சொல்ல வாய் வரல. கெட்டி நாவல்னு சொல்லி அனுப்பிட்டேன்."

சம்பந்தம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். உதடு துடித்தது. அவன் அப்பா தறியில் உட்கார்ந்துகொண்டு அதே வார்த்தையைத்தான் சொல்வார். பின்னால் நின்ற தறிக்காரர் பிள்ளைகள் நாலைந்து பேர் சிரித்தேவிட்டார்கள். கிராமத்திலிருந்து வந்த பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கெட்டி நாவல்னா இன்னாடா?"

நான் அவர்களைப் பார்த்துச் சொன்னேன். "கறுப்பு. கறுப்புன்னு அர்த்தம். கறுப்புன்னு ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்றதுக்கு பயந்துக்கினு இத்தனை வருஷம் இருந்துட்டேன். இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. கறுப்பு, கறுப்பு, கறுப்பு. போதுமா?"

சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தேன். கடை இடிந்து விழவில்லை. வானமும் அதே இடத்தில்தான் இருந்தது. என்னமோ எனக்குள் இறுகிக் கிடந்த ஒன்று மட்டும் சட்டென்று தளர்ந்தது.

"அதெல்லாம் சரி, அந்த இந்திக்காரன வெளியில அனுப்பு!" பின்வரிசையில் ஒருவன் விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "எந்த இந்திக்காரன்? வாலாஜாபாத்துல பொறந்தவரு எப்படிப்பா இந்திக்காரன் ஆவாரு? அவரு இந்தி பேசறது வடநாட்டான் தலையில நம்ம ஊர்ப் பட்டைக் கட்டறதுக்கு. தமிழன் தறியில நெய்ஞ்சத இந்தில வித்துக்கினு வர்றாரு. உங்கப்பன் தறி ஓடுதுல்ல சம்பந்தம், அதுல அவரு வாயும் ஒரு மிதிகட்டை. அவர் மேல கை வெக்கறதுன்னா முதல்ல இந்தப் படியில ஏறி என்னைத் தாண்டிப் போங்க."

ஒருத்தனும் படியில் காலை வைக்கவில்லை. போகவும் இல்லை. அந்த நிலைமை ரொம்ப நேரம் நிற்காது. கூட்டத்துக்கு ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், நல்லதோ கெட்டதோ.

அப்போது எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தலை நீட்டக் கூடாது என்று நான் சொல்லிவிட்டு வந்த மனிதர் முழுசாக வெளியே வந்திருந்தார்.

கவுஸ் பாய் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தூணுக்குப் போனார். ஆணியிலிருந்து குடையை எடுத்தார். படக்கென்று விரித்தார். பெரிய வட்டக் குடை, எட்டுக் கம்பி, பழைய மாடல். நாலு பேர் நிற்கலாம்.

"அம்மா கொடி நாவல் ஆயிட்டுது தம்பிங்களா. இது ஒரிஜினல் கறுப்பு" என்றார். "பன்னெண்டு வருஷமா மழைல நனையுது, வெயில்ல காயுது. கலர் மாறல. இத ஏத்தலாமா?"

முதலில் சிரித்தது சம்பந்தம்தான். பிறகு தெருவே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். கல் விட்டவனும் சிரித்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

"இந்தி ஒழிகன்னு சொல்லுங்க பாய்!" என்றான் ஒருவன்.

பாய் கொஞ்சம் யோசித்தார். "எதையும் ஒழிகன்னு சொல்லிப் பழக்கமில்ல தம்பி. தமிழ் வாழ்கன்னு எத்தன வாட்டி வேணும்னாலும் சொல்றேன்." குடையைத் தலைக்கு மேலே தூக்கினார். "தமிழ் வாழ்க!"

அந்தக் குரலை வைத்துக்கொண்டு இத்தனை நாள் புடவைதான் விற்றுக்கொண்டிருந்தாரா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

ஊர்வலம் நகர்ந்தது. சம்பந்தம் மட்டும் திரும்பி வந்து, விட்ட மேடைத் தமிழைத் திரும்பப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நாங்கள் ராஜவீதிகளைச் சுற்றி வரும்வரை இந்தக் குடை இறங்கக் கூடாது!"

"இறங்காது தம்பி" என்றார் பாய்.

ராகு காலத்துக்கு முன்

எத்திராஜு நாவல் கொடியை அவிழ்த்துவிட்டுக் குடையைக் கழியில் கட்டிப் பார்த்தார். காற்று குடையைப் பிடித்துக் கழியையே வளைத்தது. கட்டு நிற்கவில்லை. கடைசியில் ஒரு முக்காலியைப் படியோரம் போட்டு, பாயே ஏறி நின்று இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவருக்குச் சலாம் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று காஞ்சிபுரத்திலேயே அவரைவிடப் பத்திரமாக இருந்த மனிதர் வேறு யாரும் இல்லை.

நான் உள்ளே வந்து என் இடத்துக்குப் போனேன். தடுப்பை இழுத்துச் சரியாக வைத்தேன். பழக்கம்.

தனபாக்கியம் அம்மாள் புடவையை மடியிலிருந்து எடுத்துத் திரும்பவும் மேஜைமேல் வைத்தார். அரக்குச் சிவப்புப் பட்டு, சரிகைக் கரை. வாசலைப் பார்த்தார். பாய் முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலியில் நின்றார்.

"பாயக் கூப்பிடுங்க. நேரம் ஆவுது."

"அவரு இறங்கினா கல்லு விழும்மா. கொஞ்சம் பொறுங்க, பசங்க சுத்திக்கினு வந்துடட்டும்."

அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளே எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, என் தடுப்பை ஒரு கையால் அப்படியே ஓரமாகத் தள்ளினார். நல்ல பலம்.

"நீயே எடுத்துக் குடும்மா."

"நான்... எங்க கடையில..." என்று என்னமோ சொன்னேன்.

"வெளியில நின்னு அந்தப் பேச்சுப் பேசின. இங்க வந்து இன்னா முழுங்கற? ராகு காலம் வந்துக்கினு இருக்குது. குடு."

முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டு நின்றார். நான் புடவையை எடுத்தேன். கவுஸ் பாய் செய்வது போலவே இரண்டு கையிலும் ஏந்தி அவர் மடியில் போட்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் என் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும் என்று.

"அம்மா" என்று வெளியிலிருந்து பாயின் குரல். "தோளு விட்டுப் போச்சும்மா. ஒரு நிமிஷம் இறக்கிக்கட்டுமா? புடவையக் குடுத்துட்டு வந்து திரும்பி ஏறிக்கறேன்."

"வேணாம் பாய், பிடிச்சிக்கினே இருங்க" என்றேன். "இங்க நான் பாத்துக்கினேன்."